கண்ணுக்குத் தெரியாத பாதி வெயில்: அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்க முயன்ற இருநூறு ஆண்டுக் கதை

சூரிய மின்சக்தி என்றதும் நம் கண்முன் வருவது மொட்டை மாடியில் சாய்த்து வைத்த கருநீலப் பலகைகள்தான். மேலே வெயில் விழுகிறது, கீழே கம்பி வழியாக மின்சாரம் வருகிறது. ஆனால் விழுகிற வெயில் முழுவதும் மின்சாரமாகிறதா? இல்லை. கடையில் கிடைக்கும் நல்ல பலகைகூட நூற்றில் இருபது, இருபத்திரண்டு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. மீதி எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஒரு வேடிக்கையான உண்மை தெரிய வரும். தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 43 சதவீதம். புறஊதா ஐந்து சதவீதம் அளவில். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பாதியைத் தோல் உணர்கிறது, தண்ணீர் உணர்கிறது, வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீட் உணர்கிறது. ஆனால் மின்சாரமாக்குவது என்று வந்தால், மிகவும் அடம் பிடிப்பதும் அதுதான்.

அதைப் பிடிக்க மனிதர்கள் எடுத்த முயற்சிகளின் வரலாற்றில் தோல்விகள்தான் அதிகம். அந்தத் தோல்விகள் எல்லாம் ஒரே வகை அல்ல. சில கருவிகள் விலையால் தோற்றன. சில இயற்பியலால் நிற்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், இன்று வரும் "புரட்சிகரமான சோலார் கண்டுபிடிப்பு" செய்திகளையும் சரியாக எடை போடலாம்.

சிவப்புக்கு அப்பால் ஒரு தெர்மாமீட்டர்

வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். இங்கிலாந்தில் இசைக்கலைஞராகப் பிழைத்தவர். வானியல் அவருக்குப் பொழுதுபோக்காகத்தான் தொடங்கியது. 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த பிறகு அதுவே அவர் வாழ்க்கை ஆகிவிட்டது.

தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்க்க அவர் வெவ்வேறு நிறக் கண்ணாடிகளைப் பயன்படுத்தி வந்தார். அப்போது ஒன்றைக் கவனித்தார். சில கண்ணாடிகள் வழியே வெளிச்சம் குறைவாகத்தான் வருகிறது, ஆனால் சூடு அதிகம். வேறு சிலவற்றில் வெளிச்சம் அதிகம், சூடு குறைவு. அப்படியானால் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவு வெப்பத்தைக் கொண்டு வருகிறதா?

1800-ம் ஆண்டு அவர் ஒரு பட்டகத்தால் சூரிய ஒளியை வானவில்லாகப் பிரித்து மேஜை மேல் விழச் செய்தார். குமிழில் கருமை பூசிய தெர்மாமீட்டரை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, நிறம் படாத இடத்திலும் வேறு தெர்மாமீட்டர்களை வைத்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போக வெப்பம் ஏறியது. சிவப்புக்கும் அப்பால், எந்த நிறமும் விழாத வெற்று இடத்தில் வைத்தபோது வெப்பம் இன்னும் அதிகமாக இருந்தது!

இங்கே ஒரு சிறிய விளக்கம் தேவை. சூரியக் கதிரின் உச்சம் உண்மையில் கண்ணுக்குத் தெரியும் பகுதியில்தான் இருக்கிறது. கண்ணாடிப் பட்டகம் சிவப்புப் பக்கத்தைச் சுருக்கியும் ஊதாப் பக்கத்தை விரித்தும் தருவதால்தான், சிவப்புக்கு அப்பால் வெப்பம் அதிகமாகத் தெரிந்தது. ஆனாலும் ஹெர்ஷலின் முடிவு சரியானதே. ஒளியைப் போலவே வளைகிற, திரும்புகிற, ஆனால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று சூரியனிலிருந்து வருகிறது. அதைத்தான் நாம் இன்று அகச்சிவப்பு என்கிறோம்.

முதல் முயற்சி: வெப்பத்தை வெப்பமாகவே பிடிப்பது

ஹெர்ஷலுக்கு முன்பே ஒருவர் இந்தக் கதிரைப் பெட்டிக்குள் அடைத்திருந்தார், அதன் பெயர் தெரியாமலேயே. ஸ்விட்சர்லாந்தின் ஹொரேஸ் டி சொசூர் 1767-ல் கண்ணாடி மூடிய பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து வெயிலில் காயவிட்டார். பிறகு அதையே மேம்படுத்தி, தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தையும் தாண்டி, ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ் வரை கொண்டு போனார். வெயில் கண்ணாடி வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது. உள்ளே சூடான பொருள் வெளியிடும் நீண்ட அலை அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. சூடான காற்றும் வெளியேற வழியில்லை. வெயிலில் ஜன்னல் மூடி நிறுத்திய கார் அடுப்பு மாதிரி ஆவதும் இதனால்தான்.

1830களில் இதே போன்ற பெட்டியைத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் வைத்து முட்டையும் இறைச்சியும் காய்கறியும் வேகவைத்துப் பார்த்தார் ஒரு வானியலாளர். அவர் பெயர் ஜான் ஹெர்ஷல். ஆம், வில்லியம் ஹெர்ஷலின் மகன்தான்! தந்தை கண்டுபிடித்த கதிரில் மகன் சமைத்திருக்கிறார்.

அடுத்து வருபவர் பிரான்சின் அகஸ்டின் மூஷோ, ஒரு கணித ஆசிரியர். நிலக்கரி ஒருநாள் தீர்ந்துவிடும், அப்போது தொழிற்சாலைகள் என்ன செய்யும் என்பது அவர் கவலை. 1860களிலேயே கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி எந்திரத்தை ஓட்டிக் காட்டினார். 1878-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய பிரம்மாண்டமான கூம்புக் கண்ணாடி கூட்டத்தை இழுத்தது. வெயிலின் சூட்டை வைத்து அவர் பனிக்கட்டி தயாரித்தார்! தங்கப் பதக்கமும் கிடைத்தது. அவருடைய உதவியாளர் ஆபெல் பீஃபர் 1882-ல் பாரிஸின் பூங்கா ஒன்றில் சூரிய எந்திரத்தால் அச்சு எந்திரத்தை ஓட்டி ஒரு பத்திரிகையே அச்சடித்தார்.

ஆனால் அதே காலத்தில் ரயில் பாதைகள் பெருகி நிலக்கரி மலிவாகிவிட்டது. சூரிய எந்திரத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அரசு, இது கட்டுப்படியாகாது என்று கைவிட்டது. மூஷோ 1912-ல் வறுமையில் இறந்தார்.

அடுத்த ஆண்டே இன்னொருவர் அதே கனவோடு வந்தார். அமெரிக்காவின் ஃபிராங்க் ஷூமன், உடைந்தாலும் சிதறாத கம்பி வலைக் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் பணம் சம்பாதித்தவர். 1913-ல் எகிப்தின் கெய்ரோவுக்கு அருகே மஆதி என்ற ஊரில் ஐந்து நீண்ட கண்ணாடித் தொட்டிகளை நிறுவினார். ஒவ்வொன்றும் அறுபது மீட்டருக்கு மேல் நீளம். பரவளைய வடிவில் வளைந்த அந்தத் தொட்டிகள் வெயிலை நடுவில் ஓடும் குழாய் மேல் குவித்தன. அதில் உண்டான நீராவி, நைல் நதியிலிருந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 22,000 லிட்டர் தண்ணீரை இறைத்தது. 22,000 லிட்டர் என்றால் இன்றைய தண்ணீர் லாரி இரண்டுக்குச் சமம். அதுவும் ஒரே நிமிடத்தில்!

1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. பொறியாளர்கள் ஊர் திரும்பினார்கள். 1918-ல் ஷூமன் இறந்தார். போருக்குப் பிறகு வந்த உலகம் எண்ணெய் உலகம். சூரியத் தொட்டிகளைக் கேட்பார் யாருமில்லை.

மூஷோவின் கருவியும் ஷூமனின் கருவியும் வேலை செய்தன என்பதை மறக்கக் கூடாது. அவற்றை வீழ்த்தியவை நிலக்கரியின் விலையும் எண்ணெயின் விலையும்தான். அதனால்தான் அந்தக் கருவிகள் திரும்பி வர முடிந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் ஷூமனின் தொட்டி மீண்டும் நினைவுக்கு வந்தது. 1984 முதல் 1990 வரை கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் அதே பரவளையத் தொட்டிகளால் ஒன்பது மின் நிலையங்கள் கட்டப்பட்டன. மொத்தம் 354 மெகாவாட். எரிபொருள் விலை மறுபடி இறங்க, அவற்றைக் கட்டிய லூஸ் நிறுவனம் 1991-ல் திவாலானது. நிலையங்களோ வேறு கைகளுக்கு மாறி கால் நூற்றாண்டுக்கும் மேல் ஓடின.

இரண்டாவது முயற்சி: ஒளியிலிருந்து நேராக மின்சாரம்

எந்திரம், கொதிகலன், நீராவி எதுவுமே இல்லாமல் கதிரிலிருந்து நேராக மின்சாரம் எடுக்க முடியாதா? இதற்கு இரண்டு பாதைகள் திறந்தன.

ஒன்று, வெப்பப் பாதை. இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின்னோட்டம் உண்டாகும் என்பதற்கான அடிப்படையை 1821-ல் தாமஸ் சீபெக் கண்டார். 1830களின் தொடக்கத்தில் இத்தாலியர்களான நோபிலியும் மெல்லோனியும் இப்படிப் பல இணைப்புகளை அடுக்கி, அகச்சிவப்புக் கதிரை அளக்கும் கருவி செய்தார்கள். அகச்சிவப்பு மின்சாரமான கதை அங்கேயே தொடங்கிவிட்டது. ஆனால் கிடைத்தது முள்ளை அசைக்கப் போதுமான துளி மின்சாரம் மட்டுமே.

மற்றொன்று, ஒளிப் பாதை. 1839-ல் பிரான்சின் எட்மண்ட் பெக்கரல் தன் தந்தையின் ஆய்வகத்தில், ஒளி பட்டதும் மின்னோட்டம் உண்டாவதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 19. 1870களில் செலினியம் என்ற தனிமத்திலும் இதே விளைவு தெரிந்தது. 1880களில் நியூயார்க்கின் சார்லஸ் ஃபிரிட்ஸ் செலினியம் மேல் மெல்லிய தங்கப் படலம் பூசி உலகின் முதல் சோலார் பலகையைச் செய்தார். அதன் திறன் ஒரு சதவீதம் அளவில்தான்.

இந்த இரண்டு பாதைகளும் 1954-ம் ஆண்டில் எதிரெதிரே நின்றன. அந்த ஆண்டு மரியா டெல்கெஸ் வெப்பப் பாதையில் செய்த சூரிய மின்னாக்கியின் முடிவுகளை வெளியிட்டார். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், சூரிய வெப்ப ஆராய்ச்சியில் தனி முத்திரை பதித்த பெண் விஞ்ஞானி. சாதாரண வெயிலில் அவர் கருவியின் திறன் 0.63 சதவீதம். வெயிலை ஐம்பது மடங்கு குவித்தால் 3.35 சதவீதம். அதே ஆண்டு ஏப்ரல் 25-ம் தேதி பெல் ஆய்வகத்தின் டாரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் மூவரும் சிலிக்கான் சோலார் செல்லை உலகுக்குக் காட்டினார்கள். ஒரு பொம்மை ராட்டினத்தை அது சுற்ற வைத்தது. திறன் சுமார் 6 சதவீதம், அதுவும் எதையும் குவிக்காமலேயே!

போட்டி அங்கேயே முடிந்தது. 1958-ல் ஏவப்பட்ட வான்கார்டு-1 செயற்கைக்கோள் சிலிக்கான் செல்களைச் சுமந்து சென்றது. பிறகு விண்வெளியில் அதற்கு மாற்றே இல்லை என்றானது. பூமிக்கு அது இறங்கி வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1970களின் தொடக்கத்தில் ஒரு வாட்டுக்கு நூறு டாலர் அளவில் இருந்த பலகையின் விலை, 2010களில் ஒரு டாலருக்கும் கீழே போனது. வெப்பப் பாதை பின்னால் தள்ளப்பட்டது. அதோடு அகச்சிவப்பின் பெரும்பகுதியும்தான்.

சிலிக்கான் என்ற டிக்கெட் கவுண்டர்

ஏன் சிலிக்கானால் வெயில் முழுவதையும் பிடிக்க முடியவில்லை? இதை ஒரு சினிமா கொட்டகையை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

டிக்கெட் விலை பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ரூபாய் கொண்டு வந்தவருக்கு அனுமதி இல்லை. ஒன்பது ரூபாய்க்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து வந்து ஒரு டிக்கெட் வாங்கவும் முடியாது. இருபது ரூபாய் கொண்டு வந்தவருக்கு ஒரு டிக்கெட் உண்டு, ஆனால் மீதிச் சில்லறை தர மாட்டார்கள்.

சிலிக்கானும் இப்படிப்பட்ட ஒரு கவுண்டர்தான். ஒளி ஃபோட்டான் என்ற சிறு பொட்டலங்களாக வருகிறது. சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானை விடுவிக்கக் குறைந்தபட்சம் 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. 1.1 மைக்ரோமீட்டரை விட நீண்ட அலை கொண்ட அகச்சிவப்பு ஃபோட்டான்களிடம் அந்த அளவு இல்லை. அவை எத்தனை கோடி வந்தாலும் பயனில்லை. இப்படிக் கவுண்டரிலேயே திரும்புவது சூரிய ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு. நீலம், ஊதா ஃபோட்டான்களிடம் ஆற்றல் தாராளமாக இருக்கிறது. ஆனால் மிச்சம் வெறும் சூடாகப் பலகையிலேயே தங்கிவிடுகிறது.

அகச்சிவப்பு முழுவதையும் சிலிக்கான் விட்டுவிடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. சிவப்பு முடியும் 0.7 மைக்ரோமீட்டர் அளவிலிருந்து 1.1 மைக்ரோமீட்டர் வரை உள்ள அகச்சிவப்பை அது பிடிக்கத்தான் செய்கிறது. அதற்கு அப்பால்தான் கதவு மூடியிருக்கிறது.

1961-ல் வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் இந்த நஷ்டங்களை எல்லாம் கணக்குப் போட்டார்கள். குவிக்காத வெயிலில், ஒரே கவுண்டர் உள்ள எந்த செல்லும் நூற்றில் சுமார் முப்பதைத் தாண்ட முடியாது என்றது அந்தக் கணக்கு. இன்றைய நுணுக்கமான கணக்கில் சிறந்த பொருளுக்கு இது 33 சதவீதம் அளவில் வருகிறது. எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த எல்லை நகராது. தப்ப வேண்டுமானால் வேறு வழி வேண்டும். அப்படித் தேடியவர்கள் மூன்று திசைகளில் போனார்கள்.

வழி ஒன்று: பொருளை ஒளிர வைப்பது

1956-ல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் ஹென்றி கோல்ம் ஒரு சோதனை செய்தார். நம் ஊர் பெட்ரோமாக்ஸ் போல மேன்டில் வைத்த முகாம் விளக்கு ஒன்றை எடுத்தார். அதன் எதிரே சிலிக்கான் செல்லை வைத்தார். எரியும் மேன்டிலின் கதிர் மின்சாரமானது. சத்தமில்லாத மின்னாக்கி என்பதால் அமெரிக்க ராணுவத்துக்கும் இதில் ஆர்வம் வந்தது. இந்த முறைக்கு வெப்ப ஒளிமின்னாக்கம் என்று பெயர் சொல்லலாம்.

இதன் சூட்சுமம் இதுதான். சூரியனை மாற்ற முடியாது, ஆனால் நாமே சூடாக்கும் பொருளை நம் விருப்பம் போல வைத்துக்கொள்ளலாம். செல்லுக்குப் பின்னால் ஒரு நல்ல கண்ணாடியை வைத்துவிட்டால், செல் பயன்படுத்தாத அகச்சிவப்புக் கதிர் திரும்பிப் போய் அந்தப் பொருளையே மறுபடி சூடாக்கும். அதாவது ஒன்பது ரூபாய்க்காரரை விரட்டாமல் வீட்டுக்கு அனுப்பி, பத்து ரூபாயோடு திரும்ப வரச் சொல்வது மாதிரி!

சொல்ல எளிது, செய்யக் கடினம். வெயிலைக் கொண்டே பொருளைச் சூடாக்கி இந்த முறையில் மின்சாரம் எடுத்தபோது, எம்.ஐ.டி. குழுவுக்கு 2014-ல் கிடைத்த திறன் 3.2 சதவீதம். 2016-ல் 6.8 சதவீதம். பெல் ஆய்வகம் 1954-ல் எட்டிய இடத்துக்கு இந்தப் பாதை வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆனால் 2022-ல் ஒரு பெரிய பாய்ச்சல். எம்.ஐ.டி.யின் அலினா லபோட்டின், அசெகன் ஹென்றி ஆகியோரும் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தினரும் சேர்ந்து செய்த செல் 40 சதவீதத்தைத் தாண்டியது. பெரும்பாலான நீராவி டர்பைன்களை விட இது அதிகம். இது நேரடி வெயிலில் கிடைத்த அளவு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 1,900 முதல் 2,400 டிகிரி செல்சியஸ் வரை சூடான பொருளின் எதிரே வைத்து அளந்தது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தைக் கொண்டு கிராஃபைட் போன்ற பொருளைச் சூடாக்கி வைத்து, இரவில் அந்தச் சூட்டை மறுபடி மின்சாரமாக்கும் "வெப்ப பேட்டரி"தான் இதன் இலக்கு.

வழி இரண்டு: ஒளிக்கு ஒரு ஆன்டெனா

ஒளியும் ரேடியோ அலையும் ஒரே குடும்பம்தான். இரண்டும் மின்காந்த அலைகள். ரேடியோ அலையை ஆன்டெனாவால் பிடிக்கிறோம். அப்படியானால் ஒளியையும் அகச்சிவப்பையும் ஆன்டெனாவால் பிடித்து மின்சாரமாக்க முடியாதா? இது நடந்தால் ஃபோட்டானின் டிக்கெட் கவுண்டர் பிரச்சினையே வேறு வடிவம் எடுக்கும்.

நுண்ணலையில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. ரேதியான் நிறுவனத்தின் வில்லியம் பிரவுன் 1964-ல் ஒரு சிறிய ஹெலிகாப்டரை நுண்ணலை ஆற்றலால் மட்டுமே பறக்க வைத்தார். அடியிலிருந்து அனுப்பிய அலையை ஹெலிகாப்டரில் இருந்த ஆன்டெனாக்கள் வாங்கின, டையோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றின. 1975-ல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு முப்பது கிலோவாட் அளவில் இப்படி அனுப்பிக் காட்டினார்கள். ஆன்டெனாவில் பட்ட ஆற்றலில் எண்பது சதவீதத்துக்கு மேல் மின்சாரமானது.

1972-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பெய்லி, இதையே சூரிய ஒளிக்கும் செய்யலாம் என்ற யோசனையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு காப்புரிமையும் வந்தது. ஆனால் ஒளியைப் பிடிக்கும் ஆன்டெனா ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போகும் அளவில் இருக்க வேண்டும். அதாவது தலைமுடியின் தடிமனை விடப் பல மடங்கு சிறியது. அப்போது அதைச் செய்ய வழியில்லை.

2008-ல் அந்த வழி வந்துவிட்டது போலத் தெரிந்தது. அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் ஸ்டீவன் நோவக், டேல் காட்டர் குழுவினர் நெகிழும் பிளாஸ்டிக் தாளில் தங்கத்தால் ஆன சதுரச் சுருள் நானோ ஆன்டெனாக்களைக் கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள். பத்து மைக்ரோமீட்டர் அளவிலான அகச்சிவப்பை அவை உறிஞ்சின. எண்பது சதவீதம், இரவிலும் வேலை செய்யும் சோலார் தாள் என்றெல்லாம் செய்திகள் உலகம் முழுக்கப் பரவின.

அந்த எண்பது சதவீதம் உறிஞ்சும் அளவைச் சொன்னதே தவிர, மின்சாரத்தின் அளவை அல்ல. இந்த வேறுபாடு மிக முக்கியம். பத்து மைக்ரோமீட்டர் அலை ஒரு நொடியில் 30 லட்சம் கோடி முறை திசை மாறுகிறது. பிரவுன் பயன்படுத்திய நுண்ணலை நொடிக்கு 245 கோடி முறைதான். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து, போகும்போது விட்டு வரும்போது தடுக்கும் டையோடு வேண்டும். சாதாரண டையோடுகள் அதில் பாதி தூரம்கூட ஓட முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கோ இன்னும் இருபது மடங்கு வேகம் தேவை. ஆன்டெனா இருந்தது, டையோடு இல்லை. ஆய்வாளர்களே இதை மறைக்கவில்லை. தலைப்புச் செய்திகளில்தான் அது காணாமல் போனது.

"இரவிலும் வேலை செய்யும்" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுற்றுப்புறமும் ஆன்டெனாவும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், எவ்வளவு கதிர் உள்ளே வருகிறதோ அவ்வளவும் வெளியே போய்விடும். நிகர லாபம் பூஜ்யம். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இது. ஒரு பக்கம் சூடும் இன்னொரு பக்கம் குளிர்ச்சியும் இருந்தால்தான் ஏதாவது கறக்க முடியும்.

2015-ல் ஜார்ஜியா டெக்கின் பரதுண்டே கோலா குழு, கார்பன் நானோ குழாய்களையே ஆன்டெனாவாக நிறுத்தி, அவற்றின் நுனியில் மிக நுண்ணிய டையோடு வைத்து, ஒளியை நேர்மின்சாரமாக்கிக் காட்டியது. பெய்லியின் யோசனை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நிஜமானது. ஆனால் திறன் ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே. 2021-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கேரட் மாடெல் குழு, எலக்ட்ரான்கள் எளிதாகக் கடக்கும் வகையில் டையோடை மாற்றி, முந்தையவற்றை விட நூறு மடங்கு மேம்பட்டதைச் செய்தது. அப்படியும் அது இன்னும் ஆய்வகத்தின் வாசலைத் தாண்டவில்லை.

வழி மூன்று: வெளியே போகும் கதிரைப் பிடிப்பது

அகச்சிவப்பு சூரியனிலிருந்து மட்டும் வருவதில்லை. பூமியும் அதை இடைவிடாமல் வெளியிடுகிறது. நாமும் வெளியிடுகிறோம். 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான கதிரை வளிமண்டலம் பெரும்பாலும் தடுப்பதில்லை. தெளிந்த இரவில் அது நேராக விண்வெளிக்குப் போய்விடுகிறது.

இதைப் பயன்படுத்துவதில் நம் நாட்டுக்குப் பழைய சொந்தம் உண்டு. அலகாபாத், கல்கத்தா பகுதிகளில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி தயாரித்ததை ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆழமில்லாத குழிகளில் காய்ந்த தட்டைகளைப் பரப்பி, அதன் மேல் மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியும் முன் பனிக்கட்டி படிந்திருக்கும். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு இறங்காதபோதும்! தண்ணீர் தன் வெப்பத்தை அகச்சிவப்பாக வானத்துக்கு அனுப்பிவிட்டு உறைந்தது. மின்சாரம் இல்லாத காலத்தின் ஃபிரிட்ஜ் அது.

2014-ல் ஸ்டான்ஃபோர்டின் ஆஸ்வத் ராமன், ஷான்ஹுவே ஃபான் குழு இதைப் பகலிலேயே செய்து காட்டியது. வெள்ளி மேல் ஏழு மெல்லிய படலங்கள். வெயிலைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும், ஆனால் தன் வெப்பத்தை மட்டும் அந்த 8–13 மைக்ரோமீட்டர் ஜன்னல் வழியே வெளியேற்றும். உச்சி வெயிலில் நின்றபடி சுற்றுப்புறத்தை விட ஏறக்குறைய ஐந்து டிகிரி குளிர்ந்திருந்தது அது. ஏ.சி.க்கு ஆகும் மின்சாரத்தைக் குறைக்க இது உதவும்.

இந்தக் குளிர்ச்சியிலிருந்து மின்சாரம்? அதுவும் நடந்தது. 2019-ல் ராமன் குழு, கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருட்களால் ஒரு கருவி செய்து, இரவு வானத்தின் குளிர்ச்சியை வைத்து ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை எரிய வைத்தது. சீபெக் கண்ட அதே வெப்ப மின் விளைவுதான் அதற்குள்ளும்! 2022-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், இரவில் பார்க்க உதவும் கருவிகளில் உள்ள பொருளைக் கொண்டே, அகச்சிவப்பை வெளியே விடும்போது மின்சாரம் தரும் டையோடைச் செய்தது.

அளவைப் பாருங்கள். 2019 கருவி தந்தது சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட். நல்ல வெயிலில் ஒரு சாதாரண சோலார் பலகை சதுர மீட்டருக்கு 200 வாட் தரும். எட்டாயிரம் மடங்கு வித்தியாசம். வீட்டுக்கு விளக்கெரிக்க இது உதவாது. பேட்டரி மாற்ற ஆள் போக முடியாத இடத்தில் இருக்கும் ஒரு சிறு உணர்கருவிக்கு உதவலாம்.

இன்று ஜெயித்துக்கொண்டிருப்பது எது?

இத்தனைக்கும் நடுவே, சந்தையை நெருங்கியிருப்பது வேறொரு யோசனை: இரண்டு கவுண்டர்களைத் திறப்பது. 2009-ல் ஜப்பானின் சுடோமு மியாசாகா குழு பெரோவ்ஸ்கைட் என்ற வகைப் பொருளால் 3.8 சதவீதத் திறனில் ஒரு செல் செய்தது. இந்த வகைக்குப் பெயர் தந்த தாது யூரல் மலையில் கண்டெடுக்கப்பட்டது 1839-ல், பெக்கரல் தன் சோதனையைச் செய்த அதே ஆண்டில்! சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கினால், பணக்கார ஃபோட்டான்கள் மேல் கவுண்டரிலும் மற்றவை கீழ்க் கவுண்டரிலும் டிக்கெட் வாங்கும். 2024-ல் சீனாவின் லாங்கி நிறுவனம் இப்படி 34.6 சதவீதத்தைத் தொட்டது. ஒற்றை செல்லுக்கு ஷாக்லியும் குவைசரும் போட்ட எல்லை இப்படித் தாண்டப்பட்டது. பெரோவ்ஸ்கைட் ஈரத்திலும் சூட்டிலும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதுதான் இதன் முன் உள்ள கேள்வி.

ஆனால் இங்கேயும் ஒன்பது ரூபாய்க்காரர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். கீழ்க் கவுண்டர் இன்னும் அதே சிலிக்கான்தானே! அவர்களுக்கும் இடம் கொடுத்தது ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் நிறுவனத்தின் நான்கு அடுக்கு செல். 1.78 மைக்ரோமீட்டர் வரை அகச்சிவப்பைப் பிடித்து, பல நூறு மடங்கு குவித்த வெயிலில் 2022-ல் 47.6 சதவீதத்தை எட்டியது. ஆனால் அதன் பொருட்களின் விலை மொட்டை மாடிக்குக் கட்டுப்படியாகாது.

ஆக, இந்த வரலாற்றின் முடிவில் இரண்டு வரிசைகள் நிற்கின்றன. மூஷோவும் ஷூமனும் நான்கு அடுக்கு செல்லும் ஒரு வரிசை. இவை வேலை செய்கின்றன, விலைதான் தடை. காலம் மாறினால், எரிபொருள் விலை மாறினால், இவற்றுக்கு மறுவாழ்வு உண்டு. ஒளி ஆன்டெனாவும் இரவு மின்னாக்கியும் இன்னொரு வரிசை. பணத்தைக் கொட்டினால் மட்டும் இவை நகராது. ஒன்றுக்கு இன்னும் கண்டுபிடிக்கப்படாத டையோடு வேண்டும். மற்றொன்றுக்கு இயற்கையே கொடுப்பது கொஞ்சம்தான்.

அடுத்த முறை "எண்பது சதவீதத் திறன்" என்று ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் போதும். அளந்தது உறிஞ்சிய கதிரையா, வெளியே வந்த மின்சாரத்தையா? சூடான பக்கம் எது, குளிர்ந்த பக்கம் எது? இன்றைய எரிபொருள் விலையோடு இது போட்டி போடுமா? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இருந்து, மூன்றாவதில் மட்டும் தோற்றால், அந்தக் கண்டுபிடிப்பைத் தூக்கி எறிய வேண்டாம். மஆதியில் 1914-ல் நின்றுபோன தொட்டி எழுபது ஆண்டுகள் கழித்து மொஹாவியில் ஓடியது. முதல் கேள்வியிலேயே தடுமாறினால், ஆய்வகத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். அந்த வேலையைச் செய்ய இன்றைய இயற்பியல், பொறியியல் மாணவர்களுக்கு நிறையவே இடம் இருக்கிறது. ஹெர்ஷல் தெர்மாமீட்டர் வைத்த அந்த வெற்று இடத்தின் பெரும்பகுதி இன்னும் யாராலும் அறுவடை செய்யப்படாமல்தான் கிடக்கிறது.